கொலாஜன் பவுடர் குடிச்சா முகச் சுருக்கம் போகுமா? கொஞ்சம் நீளமா ஒரு பதில்

கேட்டவங்களுக்கு 38 வயசு. கண்ணோரம் கோடு விழ ஆரம்பிச்சிருக்கு. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ரெண்டு பேரு தினமும் கொலாஜன் பவுடர் கலக்கி குடிக்கறாங்க, ஸ்கின் பளபளன்னு ஆயிடுச்சுன்றாங்க. வீட்டுக்காரரோ "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான், காசைக் கரியாக்காத"ன்றாரு. டப்பா ரெண்டாயிரம் ரூபா கிட்ட வருது, வாங்கலாமா வேணாமான்னு கேக்கறாங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஸ்கின் டாக்டர் இல்ல, காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி நடத்தறவன், வருஷா வருஷம் பசங்களுக்கு கொலாஜன் பாடம் எடுத்து எடுத்து இந்த டப்பா விஷயத்துலயும் மூக்க நுழைச்சவன். ஆபீஸ் தோழிங்க சொல்றதும் பாதி தப்பு, வீட்டுக்காரர் சொல்ற காரணமும் பாதி தப்பு. ஆனா காசு விஷயத்துல மட்டும் நான் வீட்டுக்காரர் கட்சி.

கொலாஜன்னா என்னன்னு கண்ணால பாக்கணும்னா லேப் எல்லாம் வேணாம். ஆட்டுக்கால் சூப் வச்சு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு மறுநாள் காலைல பாத்திரத்த சாய்ச்சுப் பாருங்க, ஊத்தாது, தளதளன்னு அப்படியே நிக்கும். ஆட்டுக்கால்ல தோல், ஜவ்வு, நரம்புன்னு நாம சொல்ற தசைநாண் எல்லாத்துலயும் இருக்கறது கொலாஜன்தான். மூணு இழை ஒண்ணோட ஒண்ணு முறுக்கின கயிறு மாதிரி இருக்கும். மணிக்கணக்கா கொதிக்க வைக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து தனித்தனி இழையா சூப்புக்குள்ள இறங்கிடும், ஆறினதும் அங்கங்க மறுபடி கோத்துக்கிட்டு நடுவுல தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். அதுதான் ஜெலட்டின். அதையே என்சைம் போட்டு இன்னும் பொடிப்பொடியா வெட்டினா திரும்ப கோத்துக்கவே முடியாது, பச்சத் தண்ணிலயே கரைஞ்சிடும். கடைல விக்கற கொலாஜன் பெப்டைட் பவுடர் இதுதான். ஒரு முழு கொலாஜன் மூலக்கூறு சுமாரா 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடைய அளக்கற அலகு) எடைன்னா பவுடர்ல இருக்கற துண்டு பெரும்பாலும் 2,000லேர்ந்து 5,000 டால்டன்தான். அதாவது கயிறே இல்ல, கயித்த நறுக்கின தூள்.

இந்த மூணு இழை முறுக்க முதல்ல கண்டு சொன்னவங்கள்ல நம்ம மெட்ராஸ்காரங்க உண்டுங்கறத சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. 1954ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சேர்ந்து நேச்சர் பத்திரிகைல எழுதினது அது, கங்காரு வாலோட தசைநாண எக்ஸ்ரே எடுத்துப் பாத்து போட்ட கணக்கு. அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல ஆடிட்டோரியத்துக்கே ட்ரிபிள் ஹெலிக்ஸ்னுதான் பேரு. தோல் பதனிடறதும் கொலாஜன் வேலைதான, ஆம்பூர் ஷூவும் உங்க கன்னமும் அடிப்படைல ஒரே சரக்கு, கோச்சுக்காதீங்க.

சரி விஷயத்துக்கு வரேன். தோலோட உள் அடுக்கு டெர்மிஸ். அதுல தண்ணிய எடுத்துட்டு எடை போட்டா 70-80 சதவீதம் கொலாஜன்தான். பெரியவங்க ஆனப்புறம் வருஷத்துக்கு சுமாரா 1 சதவீதம் குறைஞ்சுகிட்டே போகும்னு ஒரு கணக்கு இருக்கு, பெண்களுக்கு மாதவிடாய் நின்ன முதல் 5 வருஷத்துல மட்டும் 30 சதவீதம் வரைக்கும் போயிடலாம். இது வயசோட கணக்கு. இதுக்கு மேல வெயில் கணக்கு தனி. அல்ட்ரா வயலட் பட்டா தோல் செல்லுங்க கொலாஜன வெட்டற என்சைம்கள அதிகமா சுரக்கும், எரிஞ்சு செவக்கற அளவுக்குக்கூட வெயில் வேணாம், அதுக்கும் கம்மியா இருந்தாலே போதும்.

2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு போட்டோ வந்தது, பாத்திருப்பீங்க. 69 வயசு அமெரிக்க டிரைவர், 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டினவரு. அவருக்கு ஜன்னல் பக்கம் இடது பக்கம், அந்த இடது கன்னம் மட்டும் தொங்கி வரிவரியா வரப்பு மாதிரி இருக்கும், வலது கன்னம் பத்து இருபது வருஷம் இளசா இருக்கும். ஒரே ஆளு, ஒரே சாப்பாடு, ஒரே ஜீன். வித்தியாசம் கண்ணாடி வழியா வந்த யுவிஏங்கற அல்ட்ரா வயலட் வகை மட்டும்தான். நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது பக்கம், கேப் ஓட்டற அண்ணனுங்க வலது கைய பாருங்க, தெரியும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் பாயிண்டுக்கு வருவோம். "எதச் சாப்பிட்டாலும் ஜீரணமாகி அமினோ ஆசிட்ங்கற பொடித் துண்டா ஆயிடும், கொலாஜன் சாப்பிட்டா கொலாஜன் வராது, மூளை சாப்பிட்டா அறிவு வருமா"ன்னு டாக்டர்களே கூட கேக்கறாங்க, நானும் பல வருஷம் கிளாஸ்ல இதையேதான் சொல்லிக் கைதட்டு வாங்கிட்டு இருந்தேன். அது முழு உண்மை இல்ல. கொலாஜன்ல ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின்ங்கற அமினோ ஆசிட், நடுநடுவுல புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் நிறைய. இந்த புரோலின்-ஹைட்ராக்ஸிபுரோலின் ஜோடிய வெட்டறது குடலுக்கு கஷ்டம். 2005ல ஜப்பான்ல ஜெலட்டின் தூள வெறும் வயித்துல ஆளுங்களுக்கு குடுத்து ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அந்த ஜோடி ஜோடியாவே ரத்தத்துல ஓடிட்டு இருந்தது. அப்புறம் 2009ல எலியோட தோல் செல்லுங்க மேல அதே ஜோடியப் போட்டப்ப செல்லு வளர்றது கூடுச்சு. அதனால இப்ப சொல்ற தியரி என்னன்னா, நாம குடிக்கறது செங்கல்லா போய் உக்கார்றதில்ல, "எங்கயோ கொலாஜன் உடையுது, புதுசா கட்டு"ன்னு தோல் செல்லுக்கு ஒரு தகவல் மாதிரி போகுதுன்னு.

தியரி அழகாத்தான் இருக்கு. நானும் ரசிச்சேன். ஆனா ரத்தத்துல இருக்குங்கறதுக்கும் கன்னத்துல வேலை செய்யுதுங்கறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு.

அடுத்து மனுஷங்க மேல பண்ண சோதனைங்க. எல்லா விளம்பரமும் சுத்திச் சுத்தி காட்டறது 2014ல ஜெர்மனில கீல் யுனிவர்சிட்டில வந்த ரெண்டு ஸ்டடி. ஒண்ணுல 35-55 வயசுல 69 பெண்கள், ஒவ்வொருத்தருக்கும் 2.5 கிராமோ 5 கிராமோ டம்மி பவுடரோ, 8 வாரம். தோலோட எலாஸ்டிசிட்டி, அதாவது இழுத்து விட்டா பழையபடி திரும்பற தன்மை, கூடுச்சு, ஆனா ஈரப்பதத்துல உறுதியா சொல்ற அளவு வித்தியாசம் வரல. இன்னொண்ணுல 45-65 வயசுல 114 பெண்கள், கண்ணோர சுருக்கத்தோட கொள்ளளவு 20 சதவீதம் குறைஞ்சதுன்னு வந்தது. ரெண்டுலயும் யூஸ் பண்ணது கொலாஜன் தயாரிச்சு விக்கற ஜெலிட்டா கம்பெனியோட பெப்டைட். கொள்ளளவுங்கற வார்த்தைய கவனிங்க. கண்ணோரச் சுருக்கத்த மெஷின்ல பாத்து அந்தப் பள்ளத்துல எத்தன கன மில்லிமீட்டர் இருக்குன்னு அளக்கறது அது, அதுல 20 சதவீதம்னா கண்ணாடில பாக்கற உங்களுக்கு 20 சதவீதம் தெரியும்னு அர்த்தம் கிடையாது.

அப்புறம் நிறைய சின்னச் சின்ன ஸ்டடி வந்தது. 2021ல 19 ஸ்டடி, 1,125 பேர சேர்த்து கூட்டிப் பாத்தாங்க, நல்லா இருக்குன்னு வந்தது. 2023ல 26 ஸ்டடி, 1,721 பேரு, அதுவும் நல்லா இருக்குன்னுதான். இங்கயே நிறுத்திட்டா நானும் உங்கள வாங்கச் சொல்லியிருப்பேன், நிறைய யூடியூப் டாக்டருங்க இங்கதான் நிறுத்தறாங்க.

2025ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல கொரியாக்காரங்க ஒரு வேலை பண்ணாங்க, 23 ஸ்டடி, 1,474 பேரு. மொத்தமா கூட்டினா வழக்கம்போல ஈரப்பதம், எலாஸ்டிசிட்டி, சுருக்கம் மூணுமே முன்னேற்றம். அப்புறம் அவங்க அதே ஸ்டடிகள ரெண்டு கூடையா பிரிச்சாங்க, கம்பெனி காசுல நடந்தது ஒரு பக்கம், கம்பெனி காசு வாங்காம நடந்தது ஒரு பக்கம். கம்பெனி காசு வாங்காத கூடைல மூணுலயுமே ஒண்ணும் இல்ல. தரமா நடத்தின ஸ்டடி, சுமாரா நடத்தினதுன்னு பிரிச்சும் பாத்தாங்க, தரமா நடத்தினதுல பலன் காணோம். மாவு விக்கறவரே தராசு கொண்டுவந்தா மாவு எப்பவும் ஒரு கிலோ இருக்கும்ல, அந்தக் கதை.

இதுக்காக கொலாஜன் வேலையே செய்யாதுன்னு நிரூபிச்சாச்சுன்னு சொல்ல மாட்டேன். கம்பெனி காசு இல்லாத ஸ்டடிங்க எண்ணிக்கையும் கம்மி, அதுல இருந்த ஆளுங்களும் கம்மி. ஆனா நிரூபிக்கற பொறுப்பு விக்கறவன்கிட்டதான், ரெண்டாயிரம் ரூபா குடுக்கற உங்ககிட்ட இல்ல.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் ரொம்ப உறுத்தும். தோல்ல ஒருதடவ போட்ட கொலாஜன் சீக்கிரம் மாறாது, பாதி மாறறதுக்கே 15 வருஷம் கிட்ட ஆகும்னு அளந்திருக்காங்க. அப்படி மெதுவா நகர்ற ஒரு பொருள் 8 வாரத்துல எவ்வளவு புதுசாயிருக்கும்? ஸ்டடில ஏதாவது மாறியிருந்தா அது பெரும்பாலும் தண்ணி பிடிக்கறதுல வந்த மாற்றமாத்தான் இருக்கும்ங்கறது என் கணிப்பு, சாதாரண கிளிசரின் போட்டாலும் மேல்தோல் கொழுகொழுன்னு தெரியத்தான் செய்யும்.

அப்புறம் நம்ம தோல் விஷயம். இந்த சோதனைங்க அதிகமா நடந்தது ஜப்பான், கொரியா, ஜெர்மனி, பிரான்ஸ் மாதிரி இடத்துல. நம்ம தோல்ல மெலனின் ஜாஸ்தி, சுருக்கம் வெள்ளைக்காரங்கள விட தாமதமாத்தான் வரும், நமக்கு வயசு முதல்ல தெரியறது மங்கு, கண்ணுக்குக் கீழ கருப்பு, கன்னத்துல திட்டு திட்டா நிறம் மாறறதுலதான். கொலாஜன் பவுடர் அதுக்கு செய்யும்னு சொல்றதுக்கு உருப்படியா ஒண்ணும் கிடையாது, ஆனா நம்ம ஊர் விளம்பரத்துல "க்ளோ" "க்ளோ"ன்னுதான் அடிச்சு விடறாங்க.

போன தீபாவளிக்கு எங்க அக்கா ஒரு டப்பா வாங்கிட்டு வந்து "நீதான் பெரிய படிப்பாளியாச்சே, இத பாரு"ன்னு டேபிள்ல வச்சா. கம்பெனி பேரு வேணாம். முன்னாடி பெரிய எழுத்துல 10,000 மில்லிகிராம்னு போட்டிருக்கு. பின்னாடி கண்ணாடி போட்டுட்டு படிச்சா அந்த 10,000 மொத்த ஸ்கூப்போட எடை, அதுல கொலாஜன் பாதிதான், மிச்சம் ஆரஞ்சு ஃபிளேவர், ஸ்வீட்னர், வைட்டமின் சி, பயோட்டின்ங்கற இன்னொரு வைட்டமின், ஹைலூரானிக் ஆசிட், "ஸ்கின் பிளெண்ட்"னு ஒரு வரி, அந்த பிளெண்ட்ல எது எவ்வளவுன்னு இல்ல. ஓரத்துல பொடி எழுத்துல "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்". அது உணவு பாதுகாப்பு ஆணையம் சொல்லிப் போடற வரி, இந்த மாதிரி சப்ளிமெண்ட் எல்லாத்துலயும் இருக்கணும். மருந்து மாதிரி பலன் இருக்குன்னு யாரும் சர்க்கார்கிட்ட நிரூபிச்சுட்டு விக்கலங்கறதுதான் அதோட அர்த்தம். மாத்திரையா, கம்மியா வாங்கறவங்க இன்னும் மோசம், சில மாத்திரைல 500 மில்லிகிராம்தான் இருக்கும், ஸ்டடில குடுத்த குறைஞ்ச டோஸ் எட்டவே அஞ்சு மாத்திரை முழுங்கணும்.

வெஜ் கொலாஜன்னு ஒண்ணு விக்கறாங்களே, அத நினைச்சாதான் சிரிப்பு வருது. செடில கொலாஜன் கிடையாது. எந்தச் செடிலயும் கிடையாது. மாடு, பன்னி, கோழி, மீன் மாதிரி உயிருங்கள்லேர்ந்துதான் எடுக்கணும், மரைன்னு போட்டா மீன் தோலும் செதிலும்தான். சைவ டப்பால "கொலாஜன் பில்டர்"னு நைசா எழுதியிருப்பாங்க, உள்ள நெல்லிக்கா, மூங்கில் சாறு, செஸ்பேனியான்னு ஒரு பேரு. செஸ்பேனியா வேற எதுவும் இல்ல, அமாவாசை அன்னைக்கு பசு மாட்டுக்கு குடுப்பமே அந்த அகத்திக்கீரை. கட்டு பதினஞ்சு ரூபா.

வைட்டமின் சி சேர்க்கறதுல மட்டும் நியாயம் இருக்கு. புரோலின ஹைட்ராக்ஸிபுரோலினா மாத்தற என்சைமுக்கு வைட்டமின் சி கண்டிப்பா வேணும், அது இல்லன்னா மூணு இழை உடம்பு சூட்டுலயே பிரிஞ்சு போயிடும், அந்தக் காலத்துல கப்பல்காரங்களுக்கு ஈறு அழுகி பழைய காயம் திறந்துகிட்ட ஸ்கர்வி நோய் இதுதான். ஆனா பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்றது 65 மில்லிகிராம், ஒரு நடுத்தர கொய்யாப்பழம் சாப்பிட்டா அதத் தாண்டிடும். பத்தாதவங்களுக்குத்தான் சேர்த்தா பலன், போதுமானது இருக்கறவங்க இன்னும் இன்னும் சேர்த்தா கொலாஜன் கூடிட்டே போகாது. புரதத்துக்காகன்னு யாராவது குடிச்சா அதுவும் வேஸ்ட், கொலாஜன்ல ட்ரிப்டோஃபான்ங்கற அமினோ ஆசிட் இல்லவே இல்ல, முழுப் புரதமாவே கணக்குல வராது. ரெண்டு முட்டையும் ஒரு கப் சுண்டலும் மேல்.

கெடுதல் உண்டான்னு கேட்டா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் வயிறு உப்பும், வாயில மீன் வாடை அடிக்கும். மீன் அலர்ஜி இருந்தா மரைன் பக்கம் போகாதீங்க. கிட்னி ஸ்டோன் ஒருதடவ வந்தவங்களும் யோசிங்க, ஹைட்ராக்ஸிபுரோலின் உடைஞ்சு உடம்புல கல்லு உண்டாக்கற ஆக்சலேட்டா மாறும், யூரின்ல ஆக்சலேட் கூடும். யாருமே சொல்லாதது பயோட்டின் விஷயம். இந்தப் பவுடர் பலதுலயும் பயோட்டின அள்ளிப் போட்டிருப்பாங்க, அது ரத்தத்துல அதிகமா இருந்தா சில லேப் மெஷின் தப்பான ரிசல்ட் குடுக்கும், தைராய்டு டெஸ்ட் தாறுமாறா வரும், ஹார்ட் அட்டாக்கான்னு பாக்கற ட்ரோபோனின் டெஸ்ட்ல கம்மியா காட்டிடும். 2017லயே அமெரிக்காவோட உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டாச்சு. ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி இதக் குடிக்கறேன்னு லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

அந்த ரெண்டாயிரத்த என்ன பண்றதுன்னு கேட்டா, சன்ஸ்கிரீன். சலிச்சுப்போன பதில்தான், ஆனா இதுக்கு இருக்கற மாதிரி ஆதாரம் வேற எதுக்கும் இல்ல. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்துல நாம்பூர்னு ஒரு ஊர், 1992லேர்ந்து 1996 வரைக்கும் அங்க இருக்கற சாதாரண ஜனங்கள சீட்டுக் குலுக்கிப் போட்டு பிரிச்சாங்க, ஒரு பக்கம் தினமும் சன்ஸ்கிரீன், இன்னொரு பக்கம் அவங்க இஷ்டம். 55 வயசுக்குக் கீழ இருந்த 903 பேரோட புறங்கைய சிலிக்கோன்ல அச்சு எடுத்து வச்சு நாலரை வருஷம் கழிச்சு ஒப்பிட்டாங்க. தினமும் போட்டவங்களுக்கு தோல் முதுமை 24 சதவீதம் கம்மி. அவங்க போட்டது இப்ப கடைல கிடைக்கற 50 எல்லாம் இல்ல, எஸ்பிஎஃப் 15 ரகம்தான். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அதே சோதனைல இன்னொரு பிரிவா பீட்டா கரோட்டின் மாத்திரையும் 30 மில்லிகிராம் குடுத்துப் பாத்தாங்க. தோலோட முதுமைல மொத்தத்துல ஒரு வித்தியாசமும் வரல. தடவினது நின்னது, முழுங்கினது நிக்கல.

நம்ம ஊர்ல சன்ஸ்கிரீன் போடறவங்க பட்டாணி அளவு எடுத்து முகம் கழுத்து ரெண்டுக்கும் தேய்ச்சுட்டு "எனக்கு வேலை செய்யல"ன்றாங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கும் கோடா பிதுக்கி எடுங்க, அதுதான் அளவு. ஸ்கூட்டில போறவங்க கைக்கும் போடுங்க. மங்கு இருந்தா அயர்ன் ஆக்சைடு கலந்த கலர் சன்ஸ்கிரீன் கேட்டு வாங்குங்க, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் நம்ம மாதிரி தோல்ல மங்க கூட்டும்.

நிஜமாவே கொலாஜன் கட்டற சரக்கு வேணும்னா அது ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ வகை கிரீம். 1993ல வெயில்ல கெட்டுப்போன தோல்ல 10-12 மாசம் தடவி, தோல் துண்டு எடுத்து சோதிச்சுப் பாத்தாங்க, தோல்ல அதிகமா இருக்கற டைப் 1 கொலாஜன் உருவாகறது 80 சதவீதம் கூடியிருந்தது, வெறும் கிரீம் தடவினவங்களுக்கு 14 சதவீதம் குறைஞ்சிருந்தது. டியூப் விலையும் உங்க டப்பா விலைய விட ரொம்பக் கம்மிதான். ஆனா இது மருந்து, டாக்டர் சீட்டோட மட்டும்தான், கர்ப்பமா இருந்தா இல்ல குழந்தைக்கு பிளான் பண்ணிட்டு இருந்தா தொடவே கூடாது, முதல் சில வாரம் தோல் உரியும் எரியும், நம்ம தோல்ல அவசரப்பட்டு தினமும் தடவினா எரிஞ்ச இடம் கருத்துப் போயிடும். வாரத்துல ரெண்டு நாள்னு மெதுவா ஆரம்பிக்கச் சொல்வாங்க, கேட்டு நடந்துக்குங்க.

சன்ஸ்கிரீன் எல்லாம் ஒழுங்கா போடறேன், காசும் கையக் கடிக்கல, ஆசைக்கு ஒருதடவ பாக்கறேன்னா தாராளமா பாருங்க, நான் கையப் பிடிக்கல. சும்மா பெப்டைட் மட்டும் இருக்கற டப்பாவா, சர்க்கரை இல்லாததா, ஒரு ஸ்கூப்ல கொலாஜன் 2.5 கிராமுக்கு மேலன்னு தனியா எழுதினதா எடுங்க. 12 வாரம். ஆரம்பிக்கற அன்னைக்கு காலைல பல் தேய்ச்சதும் ஜன்னல் பக்கத்துல நின்னு மேக்கப் இல்லாம ஒரு போட்டோ, முடியற அன்னைக்கு அதே ஜன்னல், அதே நேரம். நடுவுல புது கிரீம் எதுவும் ஆரம்பிக்காதீங்க, இல்லன்னா எதனால மாறுச்சுன்னே தெரியாது. ரெண்டு போட்டோவையும் தேதி சொல்லாம ஆபீஸ் தோழிகிட்டயே காட்டி எது பழசுன்னு கேளுங்க.

எங்க அக்கா ஒண்ணரை மாசத்துல விட்டுட்டா, மீன் வாடை தாங்கலையாம். டப்பா இப்ப மாமா கைல இருக்கு, தினமும் காலைல காபில கலக்கி குடிச்சுட்டு முட்டி வலிக்கு நல்லா கேக்குதுன்றாரு. முட்டி வலி கேஸ் வேற, அதுக்கு வேற ஸ்டடிங்க, தனியா கேளுங்க எழுதறேன்.